பாக்டீரியா சுவர் கட்டுவது எப்படி: எல்லைப்பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டாரத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு நான் உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் கேட்பது ஒரு வகைக் கேள்வி. அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மா, பெரும்பாலும் மாடு வைத்திருப்பவர்கள், கேட்பது இன்னொரு வகை. ஒன்று பரீட்சைக்கு, மற்றது பால் சொசைட்டிக்கு. ஆனால் இரண்டுக்கும் பதில் தேடிப் போனால் பாக்டீரியாவின் செல் சுவரில்தான் போய் நிற்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாக எழுதியிருக்கிறேன். பாடப்புத்தகம் சுவர் எதனால் ஆனது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதை எப்படிக் கட்டுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பாக்டீரியாவுக்குச் சுவர் எதற்கு? நம் செல்லுக்கு இல்லையே?

நம் செல்லைச் சுற்றி இருக்கும் நீரில் உப்பும் மற்றதும் கிட்டத்தட்ட உள்ளே இருக்கும் அளவுக்கே இருக்கும்படி உடம்பு பார்த்துக்கொள்கிறது. பாக்டீரியாவுக்கு அந்த வசதி கிடையாது. மழைத்தண்ணீரிலும் இருக்க வேண்டும், மாட்டுத்தொட்டியிலும் இருக்க வேண்டும். அதன் உள்ளே சர்க்கரை, உப்பு, புரதம் எல்லாம் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே நுழையத் துடிக்கும். குடலில் வாழும் ஈ.கோலைக்குள் இந்த அழுத்தம் சில வளிமண்டல அளவு. சீழ்க்கட்டியில் காணும் ஸ்டாஃபைலோகாக்கஸுக்குள் 20 முதல் 25 வளிமண்டலம் வரை சொல்கிறார்கள். வெறும் சவ்வு இதைத் தாங்காது, வெடித்துவிடும். வெடிக்காமல் பிடித்து நிறுத்துவதுதான் சுவரின் முதல் வேலை. வடிவம் கொடுப்பது அதற்கு அடுத்தது.

அது எதனால் ஆனது?

பெப்டிடோகிளைக்கான் என்று பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

இரண்டு சர்க்கரைகள் மாறி மாறிக் கோர்த்த நீள இழைகள். ஒன்று என்-அசிட்டைல் குளுக்கோசமைன். மற்றது என்-அசிட்டைல் முராமிக் அமிலம். இந்த இரண்டாவது சர்க்கரை பாக்டீரியாவின் சொந்தச் சரக்கு, நம் உடம்பில் எங்கும் தயாராவதில்லை. ஒவ்வொரு முராமிக் அமிலத்திலிருந்தும் நாலைந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குட்டை வால் தொங்கும். பக்கத்து இழையின் வாலோடு இந்த வால் இணையும்போது குறுக்குப்பிணைப்பு உண்டாகிறது. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்: நீளவாக்கில் போவது சர்க்கரை இழை, குறுக்கே இழுத்துக் கட்டுவது அமினோ அமில வால். இந்த வலை செல்லை முழுக்கச் சுற்றி, எங்கும் அறுபடாமல் ஒரே துண்டாக இருக்கிறது. 1964-ல் வைடல், பெல்சர் என்ற இருவர் இதைப் பை வடிவில் உள்ள ஒற்றை ராட்சச மூலக்கூறு என்றே விவரித்தார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வாலில் இடம்பெறும் அலனைன், குளுட்டாமிக் அமிலம் இரண்டிலும் டி வகை இருக்கிறது. டி, எல் இரண்டும் ஒரே அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவங்கள், இடது கை, வலது கை மாதிரி. உயிர்களின் புரதங்கள் எல் வகையால் ஆனவை, அவற்றை வெட்டும் நொதிகளும் எல் வகைக்கே பழகியவை. டி வகை நடுவில் வந்தால் அவை தடுமாறும். பாக்டீரியா தன் சுவரில் அதைத்தான் வைத்திருக்கிறது.

கட்டுமானம் எங்கே தொடங்குகிறது?

செல்லுக்குள்ளே, சைட்டோபிளாசத்தில். இதைப் பிள்ளைகள் எதிர்பார்ப்பதில்லை. வெளியே இருக்கும் சுவரை வெளியேதான் கட்டும் என்று நினைக்கிறார்கள். வெளியே நடப்பது கோர்க்கும் வேலை மட்டும். கோர்க்க வேண்டிய துண்டு ஒவ்வொன்றும் உள்ளேயே தயாராகிறது.

முதலில் குளுக்கோசமைன் சர்க்கரை, யு.டி.பி. என்ற கைப்பிடியோடு வருகிறது. மர்-ஏ என்ற நொதி அதில் மூன்று கார்பன் கொண்ட ஒரு துண்டை ஒட்டுகிறது. மர்-பி அதைச் சரிசெய்ததும் முராமிக் அமிலம் தயார். அப்புறம் மர்-சி, மர்-டி, மர்-இ என்று வரிசையாக ஒவ்வொரு நொதியும் ஒவ்வோர் அமினோ அமிலத்தைச் சேர்க்கிறது. முதலில் எல்-அலனைன், பிறகு டி-குளுட்டாமிக் அமிலம், மூன்றாவதாக ஈ.கோலையில் டைஅமினோபிமெலிக் அமிலம், ஸ்டாஃபைலோகாக்கஸில் லைசின். கடைசி இரண்டும் டி-அலனைன். அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதில்லை. இரண்டையும் முன்கூட்டியே ஜோடியாக்கி வைத்திருந்து, மர்-எஃப் மொத்தமாக மாட்டிவிடுகிறது. இந்த ஜோடியை மறக்காதீர்கள். பின்னால் பென்சிலின், வான்கோமைசின் இரண்டு கதையும் இதைச் சுற்றித்தான்.

மர்-ஏ நொதியை முடக்குவது ஃபாஸ்ஃபோமைசின். சிறுநீர்த் தொற்றுக்கு ஒரே வேளை கரைத்துக் குடிக்கச் சொல்லி ஒரு பாக்கெட் தருவார்களே, அதுதான். டி-அலனைன் ஜோடி உருவாவதைத் தடுப்பது சைக்ளோசெரின், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் பயன்படுவது.

உள்ளே செய்ததை வெளியே எப்படித் தள்ளுகிறது? நடுவில் சவ்வு இருக்கிறதே?

சவ்வு எண்ணெய்த்தன்மை உள்ளது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்த துண்டோ தண்ணீரோடு சேரும் சாதி, தானாக நுழையாது. அதனால் பாக்டீரியா அதைச் சவ்வுக்குள் கிடக்கும் நீளமான ஒரு கொழுப்பு மூலக்கூறின்மேல் ஏற்றுகிறது. அதில் 55 கார்பன்கள். பெயர் அன்டெகாப்ரினைல் பாஸ்பேட். யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏற்றியதும் அதன் பெயர் லிப்பிட்-1. இன்னொரு குளுக்கோசமைனையும் சேர்த்தால் லிப்பிட்-2. இப்போது துண்டு முழுமை அடைந்துவிட்டது, ஆனால் இன்னும் உள்பக்கம் பார்த்துத்தான் தொங்குகிறது.

அதை வெளிப்பக்கமாகப் புரட்டிவிடுவது யார் என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. 2008-ல் மர்-ஜே என்ற புரதத்தைச் சுட்டிக்காட்டினார்கள். இல்லை, வேறொன்று என்று வாதம் நடந்தது. சில வருடங்களில் மர்-ஜே பக்கம் சான்று கூடிவிட்டது.

துண்டை வெளியே இறக்கிய பிறகு அந்தக் கொழுப்பு மறுபடி உள்ளே திரும்பி அடுத்த சுமையை ஏற்ற வேண்டும். ஒரு செல்லில் இது கொஞ்சம்தான் இருக்கும், திரும்பாவிட்டால் வேலை நின்றுவிடும். காயத்துக்குப் போடும் சில பொடிகளிலும் களிம்புகளிலும் பேசிட்ராசின் என்று எழுதியிருக்கும், பாருங்கள். அது இந்தத் திரும்பும் வழியை அடைக்கிறது.

வெளியே ஏ.டி.பி. கிடையாது. அப்புறம் எந்தச் சக்தியில் கோர்க்கிறது?

நல்ல கேள்வி. கேட்ட பையனுக்கு அன்றைக்குப் பரீட்சை வைக்காமல் விட்டிருக்கலாம்.

செல்லின் சக்திப்பணமான ஏ.டி.பி. சவ்வைத் தாண்டி வெளியே போவதில்லை. ஆகவே வேண்டிய சக்தியைப் பாக்டீரியா துண்டுக்குள்ளேயே முன்கூட்டிக் கட்டி அனுப்புகிறது. சர்க்கரையைச் சர்க்கரையோடு கோர்க்கும்போது, அந்தக் கொழுப்போடு இருக்கும் பாஸ்பேட் பிணைப்பு அறுந்து அதற்கான சக்தி கிடைக்கிறது. வாலை வாலோடு கட்டும்போது? அங்கேதான் டி-அலனைன் ஜோடி வருகிறது. நொதி அந்த ஜோடியைப் பிரித்துக் கடைசி டி-அலனைனைக் கழற்றிவிடுகிறது. அறுந்த பிணைப்பின் சக்தியை வைத்தே மீதி வாலைப் பக்கத்து இழையில் கட்டுகிறது. உள்ளே ஐந்து அமினோ அமிலமாகப் புறப்பட்ட வால், கட்டிய பிறகு நாலாகக் குறைவது இதனால்தான். பாடத்தில் ஓர் இடத்தில் ஐந்து என்றும் இன்னோர் இடத்தில் நாலு என்றும் இருக்கும், இரண்டும் சரிதான்.

வாலைக் கட்டும் நொதிகளுக்குப் பென்சிலின்-பிணைப்புப் புரதங்கள், சுருக்கமாகப் பி.பி.பி., என்று பெயர். செல் தன் வேலைக்கு வைத்திருக்கும் நொதிக்கு, அதைக் கொல்லும் மருந்தின் பெயர் நிலைத்துவிட்டது. மருந்து முதலில் கிடைத்தது, நொதி பிறகு கிடைத்தது. சர்க்கரை கோர்ப்பதும் பி.பி.பி. மட்டுமே என்று நெடுநாள் நினைத்தார்கள். ராட்-ஏ என்ற வேறு குடும்பத்துப் புரதமும் அதைச் செய்கிறது என்று 2016-ல்தான் தெரிந்தது.

வலை ஏற்கெனவே மூடிக்கிடக்கிறது. செல் எப்படி வளரும்?

எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகப் பிடித்த இடம் இது. கட்டிலில் ஆள் படுத்திருக்கிறார், அவர் இறங்கக்கூடாது, ஒரு கயிறு தொய்ந்தாலும் விழுந்துவிடுவார். அப்படியே கட்டிலை அகலமாக்கிப் புதுக்கயிறு செருக வேண்டும். அதற்குப் பழைய முடிச்சை எங்காவது அவிழ்த்தே ஆக வேண்டும்.

அதனால் பாக்டீரியாவிடம் கட்டும் நொதிகளோடு வெட்டும் நொதிகளும் இருக்கின்றன. ஈ.கோலையில் குறுக்குப்பிணைப்பை வெட்டி இடம் உண்டாக்கும் நொதிகளை 2012-ல் அடையாளம் காட்டியது ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் மஞ்சுளா ரெட்டி குழு. மெப்-எஸ், மெப்-எம், மெப்-எச் என்று மூன்று. மூன்றையும் ஒருசேர இழந்தால் செல் வளர முடியாமல் செத்துப்போகிறது. செருகும் நொதி இருந்தும் செருக வாசல் இல்லை. இந்த ஆய்வுக்காக அவருக்கு 2019-ல் இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது. சுவரைக் கட்டுவதற்குச் சுவரை வெட்டுவதும் அவசியம் என்பது அதுவரை ஊகமாக இருந்தது. அதை நிரூபித்த வேலை நம்ம நாட்டிலேயே நடந்தது என்று வகுப்பில் சொல்லும்போது, பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

வெட்டியெடுத்த துண்டுகளைப் பாக்டீரியா வீணாக்குவதில்லை. ஈ.கோலை ஒரு தலைமுறைக்குள் தன் சுவரில் பாதிக்கு அருகில் கழற்றி, உள்ளே எடுத்து, மறுபடி பயன்படுத்துகிறது. நல்ல சாப்பாடு கிடைத்தால் அதற்கு ஒரு தலைமுறை என்பது 20 நிமிடம்.

சிலது குச்சி, சிலது உருண்டை. யார் முடிவு செய்கிறார்கள்?

எங்கே புதுத்துண்டைச் செருகுவது என்பதை வைத்து. குச்சி வடிவங்களில் எம்.ஆர்.ஈ.-பி என்ற புரதம் பக்கவாட்டில் அங்கங்கே செருக வைக்கிறது, செல் நீளுகிறது. பிரியும் நேரத்தில் எஃப்.டி.எஸ்.-இசட் என்ற இன்னொரு புரதம் நடுவில் வளையமாகச் சேர்ந்து குறுக்குச்சுவரை எழுப்ப வைக்கிறது. உருண்டைகளில் பெரும்பாலும் இந்த நடு வேலை மட்டும்தான். இதற்குமேல் பிளஸ் டூவுக்கு வேண்டாம்.

கிராம் ஸ்டெயினில் ஒன்று ஊதா, ஒன்று சிவப்பு. இதுக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்?

1884-ல் டேனிஷ் மருத்துவர் கிறிஸ்டியன் கிராம் இந்தச் சாய முறையை வெளியிட்டபோது, ஏன் அப்படி ஆகிறது என்று அவருக்கே தெரியாது. ஸ்லைடில் படிகஊதாச் சாயம், பிறகு அயோடின், பிறகு ஸ்பிரிட் விட்டுக் கழுவி, கடைசியில் சாஃப்ரனின் என்ற சிவப்பு. கிராம்-பாசிட்டிவ் செல்லில் பெப்டிடோகிளைக்கான் தடிமன் 20 நானோமீட்டருக்குமேல், பல அடுக்கு. ஸ்பிரிட் பட்டதும் அது சுருங்கி ஊதாவை உள்ளே பிடித்துக்கொள்கிறது. கிராம்-நெகட்டிவில் அதே வலை சில நானோமீட்டர்தான், ஆனால் அதன் வெளியே இன்னொரு கொழுப்புச் சவ்வு உண்டு. ஸ்பிரிட்டில் அந்தச் சவ்வு கரைந்து ஊதா கழுவிப்போக, சிவப்பு ஏறுகிறது.

வெளிச்சவ்வு வெறும் அலங்காரம் இல்லை. வான்கோமைசின் மாதிரி பெரிய மருந்து மூலக்கூறுகள் அதைத் தாண்ட முடியாது. லேப் ரிப்போர்ட்டில் கிராம்-நெகட்டிவ் என்று வந்தால் டாக்டர் மருந்தை மாற்றி எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பென்சிலின் சரியாக எந்த இடத்தில் கை வைக்கிறது?

ஃபிளெமிங் 1928-ல் பூசணத்தைப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கதை. 1949-ல் ஜேம்ஸ் பார்க் என்பவர் பென்சிலின் கொடுத்த ஸ்டாஃபைலோகாக்கஸுக்குள் வினோதமான ஒரு பொருள் குவிந்துகிடப்பதைக் கண்டார். யு.டி.பி. கைப்பிடி, ஒரு சர்க்கரை, சில அமினோ அமிலங்கள். அது என்ன என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. சில வருடம் கழித்து அவரும் ஜாக் ஸ்ட்ரோமிங்கரும் சுவரின் பாகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒத்துப்போனது. உள்ளே தயாரிப்பு நடக்கிறது, வெளியே கோர்க்கும் வேலை நின்றுவிட்டது, சரக்கு தேங்கிவிட்டது. பென்சிலின் கை வைக்கும் இடம் சுவர்தான் என்று அப்படித்தான் பிடிபட்டது.

எப்படி என்பதற்கு 1965-ல் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் பதில் சொன்னார்கள். பென்சிலின் மூலக்கூறின் வடிவம் டி-அலனைன் ஜோடியைப் போலவே இருக்கிறது. பி.பி.பி. நொதி, வால் வந்துவிட்டது என்று எண்ணிப் பென்சிலினைப் பிடிக்கிறது. உண்மையான வால் என்றால் அறுத்து, கட்டி, அடுத்ததற்குப் போய்விடும். பென்சிலினோ நொதியோடு ஒட்டிக்கொண்டால் அதை விடுவதே இல்லை. அந்த நொதி அவ்வளவுதான்.

இதற்கிடையில் வெட்டும் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. கட்டுவது நின்று வெட்டுவது தொடர்ந்தால் என்ன ஆகும்? வலை பிய்ந்து, உள்ளழுத்தம் தாளாமல் செல் வெடிக்கும். 2014-ல் ஈ.கோலையில் இன்னொன்றும் தெரியவந்தது: வாலைக் கட்ட முடியாத இழைகளைச் செல் விடாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது, தயாரித்ததை உடனே தானே உடைத்துக்கொண்டும் இருக்கிறது. சரக்கெல்லாம் இந்த வீண்சுற்றிலேயே தீர்கிறது.

வளராமல் சும்மா கிடக்கும் பாக்டீரியாவைப் பென்சிலின் அவ்வளவாகக் கொல்லாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். கட்டுகிறவனுக்குத்தான் அந்த ஆபத்து.

மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்ட பிறகு பால் தயிராக உறைய மாட்டேங்குது. உறை மோரில் கோளாறா?

சித்தூர் வட்டாரத்தில் பால் சொசைட்டி இல்லாத ஊர் குறைவு, அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். உறை மோரைக் குற்றம் சொல்ல வேண்டாம். மடிநோய்க்குக் காம்பு வழியாக ஏற்றும் மருந்துகளில் பல, பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. க்ளாக்சாசிலின் ஓர் உதாரணம். மடியில் இருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸின் சுவர் வேலையை நிறுத்தத்தான் அதைப் போடுகிறார்கள். பாலில் இறங்கிவரும் மீதி மருந்து, தயிர் உறைய வைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களின் சுவரையும் விடுவதில்லை. அவையும் கிராம்-பாசிட்டிவ், பென்சிலினுக்கு ரொம்பவே நோஞ்சான்கள். உறை ஊற்றியதும் அவை பெருக வேண்டும், பெருகச் சுவர் கட்ட வேண்டும், கட்ட முடியவில்லை, பால் பாலாகவே கிடக்கிறது.

காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகாது, பெரும்பகுதி தங்கும். பாலில் பென்சில்பென்சிலின் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்குமேல் இருக்கக்கூடாது என்பது உலகளவில் வைத்திருக்கும் வரம்பு. அவ்வளவு குறைவு. ஊசி அட்டையில் இத்தனை நாள் பாலை எடுத்து வைக்க வேண்டும் என்று போட்டிருக்கும். மாட்டு டாக்டர் சொல்லும் நாள்வரை சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது, வீட்டிலும் குடிக்கக்கூடாது. கன்றுக்கு ஊற்றிவிடலாம் என்பதும் நல்ல யோசனை இல்லை. மருந்துக்கு மசியாத பாக்டீரியாவை அதன் குடலில் வளர்த்துவிடுவோம். நாலு நாள் வருமானம் போகிறதே என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. பதில் மாறாது.

அப்போ கள்ளில் பென்சிலின் விழுந்தால் புளிக்காதா?

இதைக் கேட்டவர் மரம் ஏறுகிற வீட்டுக்காரர், விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி பிரமாதம். கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு சித்தூர் தோப்புகளிலிருந்துதான் போகிறது, கேட்க உரிமை உள்ளவர்.

கள்ளில் சாராயச் சத்தை உண்டாக்கும் முக்கிய ஆள் ஈஸ்ட். ஈஸ்ட்டுக்கும் சுவர் உண்டு, ஆனால் அது பூஞ்சை இனம். குளுக்கான், மான்னோபுரதம், கொஞ்சம் கைட்டின் ஆகியவற்றால் ஆன சுவர். முராமிக் அமிலமும் இல்லை, டி-அலனைன் ஜோடியும் இல்லை. பென்சிலினுக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. ஆகவே நுரைப்பது நிற்காது. கூடவே வளரும் லாக்டிக் பாக்டீரியா அடிபடலாம், புளிப்பின் ருசி மாறலாம். யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

சாண எரிவாயுக் கலனுக்கு?

மீத்தேன் தயாரிப்பவை பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற தனி வகை நுண்ணுயிர்கள். அவற்றில் சிலவற்றுக்குப் பெப்டிடோகிளைக்கானைப் போலவே தோன்றும் போலிப் பெப்டிடோகிளைக்கான் சுவர் உண்டு. ஆனால் சர்க்கரை வேறு, பிணைப்பு வேறு, அமினோ அமிலங்கள் எல்லாம் எல் வகை. பென்சிலின் அவற்றைத் தொடாது. ஆனால் அவற்றுக்குத் தீனி தயாரித்துக் கொடுக்கும் பாக்டீரியாக்களைத் தொடும்.

சளிக்கு அமாக்சிசிலின் சாப்பிட்டும் கேட்கவில்லை என்கிறார்களே?

சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். அதற்குச் சுவரும் இல்லை, கட்டும் வேலையும் இல்லை.

இழுத்துக்கொண்டே போகும் ஒருவகை நிமோனியாவுக்கு மைக்கோபிளாஸ்மா காரணமாக இருக்கலாம். அது பாக்டீரியாதான், ஆனால் சுவரே இல்லாத பாக்டீரியா. அங்கேயும் அமாக்சிசிலின் வீண். டாக்டர் அசித்ரோமைசினோ டாக்சிசைக்ளினோ எழுதுவார், அவை புரதத் தயாரிப்பைத் தடுப்பவை. காசநோய்க் கிருமிக்குச் சுவர் உண்டு, அதன்மேல் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகுத்தன்மையான கொழுப்பு அடுக்கும் உண்டு. அதற்கென்று தனி மருந்துகள். ஐசோனியாசிட் அந்த மைக்காலிக் அமிலம் உருவாவதைத் தடுக்கிறது, எத்தாம்பியுட்டால் அதைத் தாங்கிப் பிடிக்கும் சர்க்கரைச் சங்கிலியைத் தடுக்கிறது.

கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறார்கள். சுவரில் என்ன மாற்றுகிறது?

ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு வழி. பழையது, மருந்தையே வெட்டிப்போடுவது. பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி பென்சிலினின் நாலு மூலை வளையத்தை உடைக்கும். இதை ஆபிரகாமும் செயினும் எழுதியது 1940-ல். அவர்கள் குழு முதல் நோயாளிக்குப் பென்சிலின் கொடுத்ததே 1941-ல்தான். மருந்து வரும் முன்பே எதிர்மருந்து காத்திருந்தது. அமாக்சிசிலினோடு க்ளாவுலானிக் அமிலம் சேர்த்து மாத்திரை வருவது, அந்த நொதியைத் தன்மேல் இழுத்து முடக்குவதற்காக.

இன்னொரு வழி, பென்சிலின் பிடிக்காத ஒரு பி.பி.பி.யை வாங்கிக்கொள்வது. 1959-ல் மெத்திசிலின் வந்தது, 1961-லேயே அதற்கு மசியாத ஸ்டாஃபைலோகாக்கஸ் இங்கிலாந்தில் பதிவானது. அதுதான் ஆஸ்பத்திரிகள் பயப்படும் எம்.ஆர்.எஸ்.ஏ. அதனிடம் பி.பி.பி.-2ஏ என்ற கூடுதல் நொதி உண்டு. மற்றவை எல்லாம் முடங்கினாலும் இது வாலைக் கட்டிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வழி என்னை அசத்திவிட்டது. வான்கோமைசின் நொதியைப் பிடிப்பதில்லை, டி-அலனைன் ஜோடியையே ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நொதி நெருங்கவே முடியாது. சில என்டெரோகாக்கஸ் கிருமிகள் என்ன செய்கின்றன? கடைசி டி-அலனைனுக்குப் பதில் டி-லாக்டிக் அமிலத்தை வைத்து வாலைச் செய்கின்றன. ஒரு நைட்ரஜன் இருந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன், அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்தில் ஒரு பிணைப்பு போகிறது, ஆக்சிஜனோடு உரசலும் உண்டாகிறது, வான்கோமைசினின் பிடிப்பு சுமார் ஆயிரம் மடங்கு தளர்கிறது. சுவரோ எப்போதும் போலக் கட்டப்படுகிறது, ஏனென்றால் கட்டும்போது அந்தக் கடைசித் துண்டு எப்படியும் கழன்று விழுவதுதானே.

இங்கே மெடிக்கலில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மாட்டேன் என்கிறார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய் வாங்கிக்கொள்ளலாமா?

சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பது கேரளத்துச் சட்டம் மட்டும் இல்லை, இந்தியா முழுக்க அதுதான். கேரளத்தில் 2024-ல் ஆபரேஷன் அம்ரித் என்று சோதனை நடத்தி இறுக்கிவிட்டார்கள், ஆன்டிபயாடிக்கை நீலக் கவரில் போட்டுத் தரவும் ஏற்பாடு செய்தார்கள். செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம் எந்தக் கடையாவது கேட்காமல் கொடுத்தால் அது அந்தக் கடையின் தப்பு, வாங்குகிறவருக்கும் அதில் லாபம் இல்லை. மேலே படித்ததை வைத்தே பாருங்கள்: சுவரே இல்லாத கிருமிக்குச் சுவர் மருந்து, வெளிச்சவ்வு உள்ளதற்கு உள்ளே நுழையாத மருந்து என்று கண்ணைக் கட்டிக்கொண்டு தேர்ந்தெடுக்கிறோம். எந்தக் கிருமி என்று பார்க்காமல் எந்த மருந்து என்று சொல்ல டாக்டருக்கே கஷ்டம். கிருமிக்கு எல்லைக்கோடும் கிடையாது; பொள்ளாச்சியில் பழகியது மறுநாள் பஸ் ஏறி இங்கே வந்துவிடும்.

நம் செல்லுக்குச் சுவரே இல்லை என்றால் பென்சிலின் ஊசியில் சிலருக்கு ஏன் ஆபத்து ஆகிறது?

அது வேறு வழி. பென்சிலினின் அந்த வளையம் உடைந்து நம் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். சிலர் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியன் என்று எடுத்துக்கொண்டு பாய்கிறது. மூச்சடைப்பு வரை போகலாம். முன்பு தடிப்பு, வீக்கம் வந்திருந்தால் சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் உடம்பு தானாக இந்தச் சுவரை உடைக்காதா?

உடைக்கும். கண்ணீர், எச்சில், தாய்ப்பால் எல்லாவற்றிலும் லைசோசைம் இருக்கிறது. 1922-ல் இதைப் பற்றி எழுதியவரும் ஃபிளெமிங்தான். கோழிமுட்டை வெள்ளைக்கருவில் ஏராளம். வாலை விட்டுவிட்டு, சர்க்கரைக்கும் சர்க்கரைக்கும் நடுவே வெட்டுவது இதன் பாணி. கிராம்-நெகட்டிவுக்கு வெளிச்சவ்வு கவசமாக இருப்பதால் அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது.

சுவரை முழுக்க உரித்துவிட்டால் பாக்டீரியா கட்டாயம் சாகுமா?

தண்ணீரில் சாகும். சர்க்கரை அடர்த்தியான கரைசலில் வைத்தால் சாகாமலும் இருக்கும். 1956-ல் ஜோஷுவா லெடர்பர்க் ஈ.கோலையை அப்படிச் சர்க்கரைக் கரைசலில் வைத்துப் பென்சிலின் கொடுத்தார். குச்சிகள் எல்லாம் உருண்டைகளாக மாறி உயிரோடு மிதந்தன, ஏனென்றால் வெளியிலும் அடர்த்தி இருந்ததால் தண்ணீர் உள்ளே பாயவில்லை. பென்சிலினை நீக்கியதும் மறுபடி சுவர் கட்டிக் குச்சிகளாயின. பென்சிலின் விஷம் வைத்துக் கொல்வதில்லை, சுவரை மட்டும் தடுக்கிறது, மீதியைத் தண்ணீர் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. பிளஸ் டூ பாடத்தில் இது கிடையாது, பரீட்சைக்கும் வராது. அதற்காக நான் நடத்தாமல் விடுவதில்லை.